கல்லைப் புரட்டாத ஊர்

போடியில் சல்லடைக்குப் பஞ்சமில்லை. ஏலக்காய்க் கடைகளின் உள்கட்டில் ஆறு எம்.எம்., ஏழு எம்.எம்., எட்டு எம்.எம். என்று கண்ணளவு வாரியாக வைத்திருக்கிறோம். எட்டில் நின்ற காய்க்கு ஒரு விலை, எட்டில் விழுந்து ஏழில் நின்ற காய்க்கு வேறு விலை. அதற்குப் பிறகும் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து வெடித்த காய், வெளுத்த காய், சொறி விழுந்த காய் என்று கையால் பொறுக்குகிறார்கள். ஒரு மில்லிமீட்டருக்குள் எத்தனை ரூபாய் இருக்கிறதென்று இந்த ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். இத்தனை நுட்பமாகச் சலிக்கத் தெரிந்த நாம், நம் வீட்டுக் குழாய்க்குத் தண்ணீர் தருகிற கொட்டகுடி ஆற்றின் அடியை ஒரு தடவையாவது சலித்துப் பார்த்தோமா என்றால், இல்லை.

நாம் என்று சொல்வது தோட்டக்காரரை, கமிஷன் வியாபாரியை, பூச்சிமருந்துக் கடைக்காரரை, பாடம் நடத்துகிறவரை, என்னைப் போல் பத்திரிகைக்கு எழுதுகிறவரை. விடியும் முன் ஜீப்பில் நெருக்கியடித்து மேடேறுகிற கூலிப் பெண்களை இந்தக் கணக்கில் சேர்ப்பது நியாயமாகாது. மருந்தடித்த ஏலத்தட்டைக்குள் குனிந்து சரத்திலிருந்து காய் எடுக்கிறவர்கள் அவர்கள். நம் பாவத்தில் பங்கெடுக்க அவர்களைக் கேட்க நமக்கு வாயில்லை.

அடியைச் சலிக்கிற படிப்பு கடலில் வெகுகாலமாக நடக்கிறது. படகிலிருந்து இறக்கும் கருவி கடலடிச் சேற்றை ஒரு கவ்வு கவ்விக்கொண்டு மேலே வரும். அதை அரை எம்.எம். சல்லடையில் கொட்டி அலசுவார்கள். மேலே தங்குவது புழு, சிறு சிப்பி, குஞ்சு நண்டு. கீழே விழுந்ததைக் கொட்டிவிட மாட்டார்கள். அறுபது மைக்ரான் அளவிலான இன்னொரு சல்லடையில் மறுபடி பிடிப்பார்கள். அதில் மிஞ்சுபவை உருளைப்புழுக்களும் கோபிபாடுகளும், மணலுக்கும் மணலுக்கும் நடுவிலுள்ள சந்தில் குடித்தனம் நடத்துகிறவை. இந்த நடுவளவு உயிர்களுக்கு 1942இல் மோலி மேர் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் தனிப்பெயர் கொடுத்தார். 1978இல் பியர்சன், ரோசன்பெர்க் என்ற இருவர், கழிவு சேரச் சேரக் கடலடிக் கூட்டம் எந்த வரிசையில் மாறும் என்று எழுதிவைத்தார்கள். முதலில் வகைகள் குறையும். எண்ணிக்கை குறைய வேண்டியதில்லை, கூடவும் செய்யும். எதையும் தாங்குகிற ஒன்றிரண்டு புழு வகை மட்டும் கோடிக்கணக்கில் பெருகும். அதற்கும் மேலே போனால் அதுவும் இருக்காது. நம் மாநிலத்தில் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இந்த மாதிரிச் சேற்றைத் தலைமுறை தலைமுறையாக அலசிக்கொண்டிருக்கிறது.

போடியிலோ தேனியிலோ உத்தமபாளையத்திலோ விலங்கியல் படித்தவர்களுக்கு இதன் ஒரு துண்டு மட்டும் கிடைத்தது. ஃபார்மலின் புட்டிக்குள் சுருண்டு கிடந்த நீரிஸ் புழு. கடற்கரையிலிருந்து வந்த புட்டி. அதைப் பார்த்துப் படம் வரைந்து, பாகம் குறித்து, மதிப்பெண் வாங்கினோம். ஆய்வகத்துச் சன்னலுக்கு வெளியே மலை தெரிந்தது, மலையிலிருந்து ஆறு இறங்கிக்கொண்டிருந்தது. அந்த ஆற்றின் கல்லுக்கடியில் என்ன இருக்கிறதென்று நாமும் கேட்கவில்லை, கேட்கச் சொல்லியும் யாரும் நம்மைக் கட்டாயப்படுத்தவில்லை. ஏலக்காய்ப் பணத்தில் கல்லூரி கட்டிய ஊர் இது. படிப்பின் மேல் மரியாதை இல்லாத ஊர் என்று நம்மைச் சொல்ல முடியாது. மரியாதை தூரத்துப் படிப்பின் மேல் இருந்தது.

குரங்கணிக்குப் போகிற வழியில் தண்ணீர் வெளுத்து நுரைத்து ஓடுகிற இடமாகப் பார்த்து, உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிய கல்லாக எடுத்துப் புரட்டினால் போதும். முதலில் ஒன்றும் தெரியாது. ஈரக் கல், பாசி, அவ்வளவுதான். அரை நிமிடம் பொறுத்தால் பாசி நகரும். தட்டையான தலை, தலையின் மேற்புறத்தில் கண்கள், பின்னால் மூன்று வால் இழைகள், வயிற்றின் இரண்டு பக்கமும் இலை இலையாகச் செவுள்கள். வெளிச்சம் பட்டதும் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு கல்லின் இருட்டுப் பக்கத்துக்கு ஓடும். மேஃபிளையின் இளம்பருவம் அது. வேகமான ஓட்டத்தில் கல்லோடு கல்லாக ஒட்டிப் பாசியைச் சுரண்டித் தின்னும். பக்கத்திலேயே மணலை நூலால் ஒட்டிக் கட்டிய கடுகளவு குழாய் ஒன்று இருக்கும். அதற்குள் கேடிஸ் பூச்சியின் புழு. அதன் இன்னொரு வகை, கல்லிடுக்கில் வலை பின்னி ஆற்றோடு வருவதை வடிகட்டித் தின்கிறது. காசு மாதிரி வட்டமாக ஒட்டிக்கொண்டு நகர்வதே தெரியாத ஒன்று, ஒரு வண்டின் புழு. அதிர்ஷ்டமிருந்தால் இரண்டு வாலோடு வேட்டைக்காரத் தோரணையில் ஸ்டோன்ஃபிளையின் இளசு. குளிர்ந்த, காற்று நிறையக் கரைந்த தண்ணீரைத் தவிர வேறெங்கும் அதற்குப் பிழைப்பில்லை.

மேஃபிளைக்குச் சிறகு முளைத்த பிறகு ஆயுசு சில மணி நேரம், மிஞ்சினால் ஓரிரு நாள். அந்தப் பருவத்தில் தின்ன வாய் கிடையாது. பூச்சிகளிலேயே சிறகு வந்த பிறகும் ஒரு தடவை தோலுரிப்பது இது மட்டும்தான். தெரு விளக்கின் கீழ் விழுந்து கிடக்கும்போது நாம் ஈசல் என்று நினைத்து விளக்குமாற்றால் கூட்டித் தள்ளியிருப்போம். அதன் வாழ்க்கையின் பெரும்பகுதி தண்ணீருக்கடியில் முடிந்துவிட்டது என்பதுதான் இங்கே முக்கியம். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஒரே ஓடையில், ஒரே கல் கூட்டத்தில் கிடந்திருக்கிறது. அந்தக் காலத்தில் அந்தத் தண்ணீரில் என்ன வந்து போனதோ அத்தனையும் அதன் உடம்பு வழியாகப் போயிருக்கிறது.

தண்ணீர்ப் பரிசோதனை என்று நாம் நம்புவது புட்டியை. திங்கட்கிழமை மேலே மருந்தடிக்கிறார்கள். செவ்வாய் ராத்திரி மழை கொட்டுகிறது. மருந்து கரைந்து ஓடையில் இறங்கி, சில மணி நேரத்தில் கடந்து போய்விடுகிறது. வெள்ளிக்கிழமை வந்து புட்டியில் பிடித்தால் தண்ணீர் சுத்தம், அறிக்கையும் சுத்தம். கல்லுக்கடியிலோ செவ்வாய் ராத்திரியோடு பாதிக் குடும்பம் அடித்துக்கொண்டு போயிருக்கும். இமிடாகுளோபிரிட் போன்ற மருந்துகளை வைத்து ஐரோப்பாவில் நடந்த சோதனைகளில், நாள்பட்ட தாக்கத்துக்கு முதலில் விழுந்தவை மேஃபிளையும் கேடிஸ் பூச்சியும்தான். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவான அளவே போதுமானதாக இருந்தது. ஒரு கிராமைப் பத்து லட்சமாகப் பங்கிட்டால் வருகிற ஒரு பங்குதான் மைக்ரோகிராம். தோட்டத்தில் மருந்து டிரம்மில் கலக்கும்போது மூடிக்கணக்கில் ஊற்றுகிறோம். டிரம்மை நிரப்புவதும் ஓடையில், கடைசியில் கழுவி ஊற்றுவதும் ஓடையில்.

ஏலச்செடிக்கு ஏன் இத்தனை மருந்து என்று வெளியூர்க்காரர் கேட்பார். காயில் இலைப்பேன் சுரண்டினால் சொறி விழும். சொறி விழுந்த காய்க்குள் இருக்கிற அரிசிக்கு மணம் அப்படியே இருந்தாலும் ஏலத்தில் விலை இல்லை. தண்டுத் துளைப்பான் தட்டையைக் காலி செய்யும், வேர்ப்புழு கிழங்கைத் தின்னும். நிழல் அடர்ந்திருந்த காலத்தில் இவற்றின் தொல்லை ஓரளவுக்குள் நின்றது. அதிக மகசூல் தரும் ஞள்ளானி ரகம் வந்து, வெயில் வேண்டுமென்று மரக்கிளைகளைக் கழித்து, உரத்தையும் பாசனத்தையும் கூட்டிய பிறகு கணக்கு மாறியது. ரகத்தின் மேல் குற்றமில்லை. கட்டப்பனைப் பக்கத்து விவசாயி ஒருவர் தன் தோட்டத்திலேயே தேர்ந்தெடுத்த அருமையான ரகம் அது. நாம் அதை வளர்த்த விதம்தான் வேறு. மயிலாடும்பாறையில் 1978 முதல் ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. எத்தனை நாளைக்கு ஒரு முறை, எவ்வளவு மருந்து என்று அவர்கள் சொல்கிற அட்டவணை ஒன்றுண்டு. கடைக்காரர் சொல்கிற அட்டவணை இன்னொன்று. பக்கத்துத் தோட்டத்தில் அடித்துவிட்டான் என்பது மூன்றாவது. நாம் பின்பற்றியது பெரும்பாலும் மூன்றாவதை.

இதில் மலைமுகட்டுக்கு ஒரு பங்கு உண்டு. அதைப் பேசாமல் நம் மனசாட்சியின் கதை முழுமையாகாது. முந்தலில் தொடங்கிப் பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறினால் போடிமெட்டு. மெட்டுக்கு இந்தப் பக்கம் விழுகிற மழை கொட்டகுடி ஆற்றுக்கு வந்து, தேனிக்குப் பக்கத்தில் வைகையில் சேர்ந்து, வைகை அணை வழியாக மதுரைக்குப் போகிறது. அந்தப் பக்கம் விழுவது பன்னியாறு, முதிரப்புழை என்று பெயர் மாறிப் பெரியாற்றில் கலந்து அரபிக் கடலுக்குப் போகிறது. போடிக்காரர்களின் ஏலத்தோட்டங்களில் பெரும்பகுதி மெட்டுக்கு அந்தப் பக்கம்: பூப்பாறை, சாந்தன்பாறை, இன்னும் உள்ளே. வீடு இந்தப் பக்கம். ஆக, மருந்து ஓடுகிற தண்ணீர் ஒன்று, நாம் குடிக்கிற தண்ணீர் வேறு. நாம் யோசித்துச் செய்த ஏற்பாடில்லை, பூமியின் சாய்வு. ஆனால் அந்தச் சாய்வு நமக்கு எவ்வளவு வசதியாக இருந்தது! அங்கே நடப்பது கேரளாவின் தண்ணீர், கேரளாவின் பாடு. இந்தப் பக்கச் சரிவிலும் குரங்கணி, கொட்டகுடி, சென்ட்ரல் ஸ்டேஷன் என்ற மலை ஊர் வரை காபியும் மிளகும் ஏலமும் உண்டு என்பதைச் சொல்லிக்கொள்ளாமல் விட்டுவிட்டோம்.

எச்சம் என்ற சொல் நமக்கு உறைத்தது இரண்டே சந்தர்ப்பத்தில். மருந்தின் எச்சம் அதிகம் என்று சவுதி அரேபியா நம் சரக்கைத் திருப்பியபோது ஒன்று. அடுத்தது சபரிமலை. அரவணைப் பாயசத்தில் சேர்த்த ஏலக்காயில் பூச்சிமருந்து எச்சம் அளவுக்கு மேல் இருப்பதாகச் சோதனையில் வந்து, 2023 ஜனவரியில் கேரள உயர் நீதிமன்றம் விற்பனையை நிறுத்தச் சொன்னது. ஆறரை லட்சம் டின்னுக்கு மேல் அப்படியே முடங்கியது. மறு வருடம் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. ஆனால் கடைவீதியில் அந்த நாட்களில் வேறு பேச்சே இல்லை. எந்த மருந்து எத்தனை நாளில் காயை விட்டுப் போகும், எந்த ஆய்வகத்தில் சோதித்தால் தேறும், எந்த நாட்டில் எவ்வளவு அனுமதி. காயில் மிச்சமிருந்ததைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசினோம். தட்டையின் மேல் தெளித்ததில் காயில் தங்கியது கொஞ்சம். மீதி எங்கே போனது என்று நம்மில் ஒருவர் கேட்டதாக நினைவில்லை. 2019 ஆகஸ்டில் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் தொட்டது, அது மட்டும் தேதியோடு நினைவிருக்கிறது.

விரோதம் கொண்டு நாம் இதைச் செய்யவில்லை. தண்ணீரில் நெளிகிற எதுவும் நமக்குக் கொசுப்புழு. நகராட்சிப் பணியாளர் வந்து தொட்டியை எட்டிப் பார்த்து அபேட் மருந்தை ஊற்றிவிட்டுச் சுவரில் தேதி எழுதிவிட்டுப் போவார். டெங்கு வந்த ஊரில் அது தேவையான வேலைதான், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு பார்வை நம் கண்ணில் ஒட்டிக்கொண்டது. குடிநீரில் பூச்சி என்றால் அசுத்தம். ஆற்றில் பூச்சி என்றாலும் அசுத்தம். உண்மை பல இடங்களில் தலைகீழ். கல்லுக்கடியில் பத்துப் பதினைந்து வகை ஓடினால் அந்தத் தண்ணீர் நன்றாக இருக்கிறது. வகை போய், சேற்றில் ரத்தச் சிவப்பாய்ப் புழுக்கள் மட்டும் கொத்துக் கொத்தாய் நெளிந்தால் அங்கே ஆக்சிஜன் குறைவு என்று அர்த்தம். அந்தச் சிவப்புக்குக் காரணம், நம் ரத்தத்தில் இருப்பதைப் போன்ற ஹீமோகுளோபின். குறைந்த ஆக்சிஜனையும் இழுத்துப் பிடிக்க அது தேவைப்படுகிறது. பியர்சனும் ரோசன்பெர்கும் கடலடியில் பார்த்த வரிசையைக் கொட்டகுடி ஆற்றிலும் பார்க்கலாம். குரங்கணிக்கு மேலே தொடங்கி, அணைப்பிள்ளையார் தடுப்பணையைத் தாண்டி, ஊர்ச் சாக்கடை கலக்கிற இடம் வரைக்கும் ஆற்றோரமாக நடந்தால் போதும். நாம் நடக்கவில்லை. அணைப்பிள்ளையாரில் ஞாயிற்றுக்கிழமை குளித்தோம், ஷாம்பூ பாக்கெட்டைக் கல்லிடுக்கில் செருகிவிட்டு வந்தோம்.

இதற்கு மதிப்பெண் முறையே இருக்கிறது. பிரிட்டனில் 1970களின் பிற்பகுதியில் உருவாக்கினார்கள். தட்டைத்தலை மேஃபிளைக் குடும்பம் இருந்தால் 10, வலை பின்னும் கேடிஸுக்கு 5, சிவப்புப் புழுவின் குடும்பத்துக்கு 2, சேற்றுப் புழுவுக்கு 1. கூட்டிப் பார்த்தால் ஆற்றின் நிலை தெரியும். நம் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் இந்தியாவுக்கென்று மாற்றி, ஆறுகளை ஏ முதல் ஈ வரை தரம் பிரிக்க ஒரு முறையை வைத்திருக்கிறது. தேவையானவை ஒரு கைவலை, வெள்ளைத் தட்டு, கைலென்ஸ், சாராயப் புட்டி. நம் ஏலக்காய் மாதிரி ஒன்றை வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்கிற செலவை விடக் குறைவாகவே ஆகும்.

செய்தவர்கள் இருந்தார்கள். நம்மிடமிருந்து பஸ்ஸில் போய்வருகிற தூரத்தில், மதுரையில். மதுரைக் கல்லூரியின் பேராசிரியர் கே.ஜி. சிவராமகிருஷ்ணன் 1980களிலேயே மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் இறங்கிக் கல்லைப் புரட்டினார். 1984இல் அவர் விவரித்த ஒரு மேஃபிளைக்குக் குற்றாலத்தின் பெயர்: பீட்டர்சுலா கோர்டலென்சிஸ். 1989இல் வெங்கட்ராமனும் அவரும் விவரித்த இன்னொன்றுக்குக் கும்பக்கரையின் பெயர். இன்று அஃப்ரோனூரஸ் கும்பக்கரையென்சிஸ் என்று அழைக்கப்படுகிறது. கும்பக்கரை நம் மாவட்டம்தான், பெரியகுளத்துக்குப் பக்கம். அங்கே அருவியில் குளித்துவிட்டு, பொரித்த மீன் சாப்பிட்டுவிட்டு வந்த நம்மில் எத்தனை பேருக்கு அந்த இடத்தின் பெயரை உலகம் முழுக்கச் சுமந்து திரிகிற ஒரு பூச்சி உண்டென்று தெரியும்? எனக்கு வெகுகாலம் தெரியாது. அமைதிப் பள்ளத்தாக்கு ஓடைகளில் என்ன பூச்சிக் கூட்டம் இருக்கிறதென்று 1993இல் எழுதினார்கள். பிற நாட்டு மதிப்பெண் முறை நம் ஆற்றுக்குப் பொருந்துமா என்று காவிரிப் படுகையில் சோதித்து 1996இல், கலிபோர்னியாவின் வின்சென்ட் ரெஷ் உள்ளிட்டவர்களோடு சேர்ந்து எழுதினார்கள். கே.ஏ. சுப்பிரமணியன், மாதவ் காட்கில் ஆகியோருடன் 2005இல் வந்த ஆய்வு, குதிரேமுக்கில் ஓடைக்கரை நிலத்தின் பயன்பாடு ஓடைப் பூச்சிகளை என்ன செய்கிறது என்று பார்த்தது. 2007இல் பெங்களூரின் ஏட்ரீ நிறுவனம் வழியாக ஒரு செய்முறைக் கையேடே வந்துவிட்டது. எப்படி வலை பிடிப்பது, எதை எதோடு ஒப்பிடுவது என்று படிப்படியாக. மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் மேஃபிளை ஆய்வு தொடர்கிறது.

காட்கில் பெயரைக் கேட்டதும் நமக்கு நினைவு வருவது வேறு. மேற்குத் தொடர்ச்சி மலை பற்றிய 2011 அறிக்கையும், அதற்குப் பிறகு வந்த கஸ்தூரிரங்கன் அறிக்கையும், மெட்டுக்கு அந்தப் பக்கம் நடந்த கடையடைப்பும். நிலம் போய்விடும் என்ற பயத்தில் எழுந்த எதிர்ப்பு அது. பயத்தில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். பட்டா இல்லாமல் இரண்டு தலைமுறை உழைத்தவனுக்கு எந்த அறிக்கையும் வெளியேற்றும் நோட்டீஸாகத்தான் தெரியும். ஆனால் அந்த அறிக்கையைத் தூக்கிப் போட்டபோது ஓடையையும் சேர்த்துத் தூக்கிப் போட்டோம். ஓடை என்ற பேச்சை எடுத்தவனெல்லாம் நிலத்தைப் பிடுங்க வந்தவன் என்றாகிவிட்டது.

விஞ்ஞானத்தையே பேசாத ஊர் என்றும் சொல்ல முடியாது. பொட்டிப்புரத்தில் நியூட்ரினோ ஆய்வுக்கூடம் வரப்போகிறது என்றதும் ஊர் ஊராய்க் கூட்டம் போட்டோம். மலையைக் குடைந்து ஒரு கிலோமீட்டர் பாறைக்கடியில், எதன் மேலும் மோதாமல் ஊடுருவிப் போகிற துகளைப் பிடிக்கப் போகிறார்கள் என்று டீக்கடையில் விளக்கியவர்கள் இருந்தார்கள். எதிர்த்தவர்களும் ஆதரித்தவர்களும் மலையின் தண்ணீரைப் பற்றியே பேசினார்கள். வெடி வைத்தால் ஊற்று மாறுமா, அணைக்கு ஆபத்தா என்று. நல்ல கேள்விகள். அன்றைக்கு ஓடும் ஓடைகளில் என்ன இருக்கிறதென்று ஒரு பட்டியல் எடுத்து வைத்துக்கொண்டு கேட்டிருந்தால் இன்னும் கனமான கேள்விகளாக இருந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத துகளுக்கு மேடை கிடைத்தது. கண்ணுக்குத் தெரிகிற பூச்சிக்குக் கிடைக்கவில்லை.

பட்டியல் இல்லாததன் நஷ்டம் 2018இல் இன்னொரு விதத்தில் தெரிந்திருக்க வேண்டும். மார்ச் 11ஆம் தேதி குரங்கணிக் காட்டுத்தீ. மலையேற வந்த இளம்பிள்ளைகள் கருகிப் போனார்கள். அந்த நாட்களில் ஓடைப் பூச்சியைப் பற்றி எவராவது பேசியிருந்தால் அடித்திருப்போம், அடித்ததும் சரியாகவே இருந்திருக்கும். ஆனால் அடுத்த மழைக்குச் சரிவின் சாம்பலும் மண்ணும் ஓடையில் இறங்கின. மண் இறங்கினால் கற்களுக்கிடையிலுள்ள சந்து அடைபடும். தட்டைத்தலைப் பூச்சிக்கு ஒளிய இடம் போகும், பாசியை மண் மூடும், செவுளில் வண்டல் ஏறும். எத்தனை வருடத்தில் ஓடை பழையபடி ஆகும் என்று பார்ப்பதற்குப் பழையது என்ன என்று தெரிந்திருக்க வேண்டும். நம்மிடம் அந்த முதல் பக்கம் இல்லை. அதே வருட ஆகஸ்டில் மெட்டுக்கு அந்தப் பக்கம் பெருவெள்ளமும் நிலச்சரிவும். அங்கேயும் நமக்கு எத்தனை ஏக்கர் தட்டை போனது என்ற கணக்கு மட்டும் இருக்கிறது.

இதே மலையில் கணக்கு எழுதுவது புதிதில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் மூணாறுத் தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிப்பாதையில் கொட்டகுடிக்கு இறங்கி, வண்டியேறிப் போடிக்கு வந்தது. கொட்டகுடிக்கு அப்போது பாட்டம் ஸ்டேஷன் என்றே பெயர். பெட்டிக் கணக்கு, வண்டிக் கணக்கு எல்லாம் இருந்திருக்கும். 1924 வெள்ளத்தில் மேலே மூணாறுப் பக்கம் ஓடிய ரயிலே போனது. அதைப் பற்றி இன்றும் கதை கதையாகச் சொல்கிறோம். ரயிலை அடித்துக்கொண்டு போன தண்ணீருக்குக் கதை உண்டு, அதே தண்ணீரில் வாழ்ந்தவற்றுக்கு ஒரு வரி கிடையாது.

சாப்பாட்டு விஷயத்திலாவது நாம் விழிப்பாக இருந்திருக்கலாம். அயிரை மீன் குழம்புக்கு மதுரையிலும் தேனியிலும் என்ன விலை கொடுக்கவும் தயார். உயிரோடு துள்ள வேண்டும், பாலில் போட்டு மண் கக்கவிட வேண்டும் என்று பக்குவம் சொல்வோம். அயிரை அடிமணலைச் சலித்து, அதிலுள்ள புழுக்களையும் நுண்ணுயிர்களையும் தின்று வளர்கிற மீன். கக்குகிற அந்த மண்ணோடு கொஞ்சம் இந்தக் கதையும் வெளியே வந்து விழுகிறது. ஆற்று அயிரை குறைந்துவிட்டது என்று எல்லோரும் குறைபட்டுக்கொள்கிறோம். மணல் அள்ளியதைச் சொல்கிறோம், மழை இல்லாததைச் சொல்கிறோம். இரண்டும் நிஜம். அதன் சாப்பாடு என்ன ஆனது என்பதை மட்டும் சொல்வதில்லை.

என் போன்றவர்களின் பங்கைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஏலக்காய் விலை ஏறினால் செய்தி, இறங்கினால் செய்தி. 2010 முடிவில் நின்ற போடி ரயில் 2023 ஜூனில் திரும்பி வந்தபோது ஸ்டேஷனில் நின்று படம் எடுத்தோம். யானை இறங்கினால் ஓடினோம். மதுரையிலிருந்து வலையோடு வந்து ஓடையில் முட்டளவு தண்ணீரில் நின்றவர்களை வழியில் பார்த்தும், மீன் பிடிக்கிறார்கள் போல என்று தாண்டிப் போனவர்கள் நம்மில் இருக்கலாம். கேட்டிருந்தால் ஒரு பக்கக் கட்டுரை கிடைத்திருக்கும். அதைப் படித்த ஒரு வாத்தியார் எட்டாம் வகுப்பை ஆற்றுக்குக் கூட்டிக்கொண்டு போயிருப்பார். இப்போது அதைக் கற்பனையாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

நம் பக்கத்துச் சாக்கு ஒன்றையும் மறைக்க வேண்டாம். தெரிந்தால் செலவு. ஓடையில் தட்டைத்தலை மேஃபிளை இல்லை, சிவப்புப் புழு மட்டும்தான் என்று எழுத்தில் வந்துவிட்டால் அதற்கு மேல் இருக்கிற தோட்டத்தின் பெயர் அடிபடும். தோட்டத்தின் பெயர் அடிபட்டால் காயின் பெயர் அடிபடும். ஏல மையத்தில் லாட் எண்ணோடு நிற்கிற சரக்குக்குப் பின்னால் ஓடை எண்ணையும் சேர்த்து யாராவது கேட்க ஆரம்பித்தால் என்ன செய்வது? கேட்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் இத்தனை காலம் ஓடிவிட்டது. சவுதிக்காரர் காயைக் கேட்டார். நாளைக்கு ஐரோப்பியர் ஓடையைக் கேட்கலாம். அவர் கேட்ட பிறகு பதறி ஓடி வலை வாங்குவோம், ஆய்வகம் தேடுவோம். நமக்காகக் கேட்டுக்கொள்ள மட்டும் தோன்றவில்லை.

இனிமேல் செய்வதென்றால் எங்கே தொடங்குவது என்பதில் குழப்பமில்லை. கொட்டகுடி ஆற்றில் மூன்று இடம். தோட்டங்களுக்கு மேலே, குரங்கணிக்கும் உயரத்தில், காட்டு நிழலுக்குள் ஓடுகிற ஓடை ஒன்று. அதுதான் ஒப்பிடுவதற்கான அளவுகோல். இரண்டாவது, தோட்டங்கள் முடிகிற இடத்துக்குக் கீழே. மூன்றாவது, ஊர்ச் சாக்கடை கலந்த பிறகு. தண்ணீர் தெளிந்து குறைந்திருக்கும் தை, மாசியில் ஒரு முறை, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் ஒரு முறை, அதே கல், அதே வலை, வருடா வருடம். ஐந்தாறு வருடம் விடாமல் எடுத்தால்தான் மழையின் ஏற்றத்தாழ்வு எது, மருந்தின் வேலை எது என்று பிரித்துச் சொல்ல முடியும். ஒரு வருடத்துப் பட்டியலை வைத்து யாரையும் குற்றம் சாட்டவும் முடியாது, யாரும் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. மெட்டுக்கு அந்தப் பக்கம் பன்னியாற்றில் இதே வேலையைச் செய்யக் கேரளத்துக் கல்லூரிகளோடு பேச வேண்டும். காட்டு ஓடைக்கு வனத்துறை அனுமதி வேண்டும். அது தாமதமானாலும் கேட்டால் கிடைக்கக்கூடியது. மூன்றாவது இடத்துக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம், மூக்கைப் பொத்திக்கொண்டால் போதும். இரண்டாவது இடத்துக்குத்தான் தோட்டக்காரர் கேட்டைத் திறந்துவிட வேண்டும். தோட்டக்காரர் நாம்தான்.